முதல் நாளோடு முடியாத மருத்துவம்

மருத்துவம் செய்வோர்க்கு இரு கடமைகள் உண்டு. நோயாளி வந்த அன்று செய்ய வேண்டியதைச் செய்தல் ஒன்று; செய்தது பயன் தந்ததா எனப் பின்னர்ப் பார்த்தல் மற்றொன்று. எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் போட்டு அனுப்பும் மருத்துவர், எத்தனை வாரம் கழித்து மீண்டும் வர வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருகிறார். காசநோய்க்கு மருந்துண்பவர் இடையில் நிறுத்திவிட்டால் சுகாதாரப் பணியாளர் அவரைத் தேடிச் செல்கிறார். இவற்றை நாம் இயல்பான நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டுள்ளோம். ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி மருத்துவமனையை நாடுவோர் திறத்தில் மட்டும் இவ்விரண்டாம் கடமை பெரிதும் மறக்கப்பட்டுவிடுகிறது. பரிசோதனை முடிந்து, தடயங்கள் உறையிலிடப்பட்டு முத்திரை வைக்கப்பட்டதும், மருத்துவமனையின் வேலை தீர்ந்ததாகவே பலரும் எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணம் பாதிக்கப்பட்டவருக்குப் பெருந்தீங்கு செய்வதாகும். அவருக்குரிய மருத்துவத்தின் பெரும்பகுதி முதல் நாளுக்குப் பின்னரே நடைபெற வேண்டியுள்ளது. அவர் மீண்டும் வராவிடில், முதல் நாளில் செய்தவற்றுள்ளும் பல பயனற்றுப் போகும். ஆதலின், அவர் மீண்டும் வருவதற்கேற்ற வழியை அமைத்துத் தரும் பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்தது. மருத்துவமனையோடு சேர்ந்து சமுதாயத்தையும் சார்ந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரி மலர் ஒன்றில் இத்தகைய பொருளுக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். நம் மாணவ மாணவியர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் பெற்றோராகவும் விளங்கப் போகின்றவர்கள். என்றேனும் ஒருநாள் துன்புற்ற ஒருவர் அவர்களிடம் வந்து நிற்கலாம். அன்று செய்யத்தக்கது யாது என அறிந்திருத்தல் கல்வியின் ஒரு பகுதியே.

முதல் நாளில் நடப்பவை

இந்திய அரசின் சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சகம் 2014ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெண்கள் மட்டுமன்றி, குழந்தைகள், ஆண்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய யாவரும் அந்நெறிகளுள் அடங்குவர். பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே பரிசோதனை செய்தல் வேண்டும். அவர் பரிசோதனைக்கு இசையாவிடினும் சிகிச்சையை மறுத்தல் கூடாது என்று அவை கூறுகின்றன. பெண்களை இழிவுபடுத்திய 'இரு விரல் சோதனை' அறவே விலக்கப்பட்டது. அச்சோதனை பெண்ணின் மாண்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும், மீண்டும் 2022இலும் தீர்ப்பளித்துள்ளது.

முதல் நாளில் காயங்களுக்கு மருந்திடப்படுகிறது. தேவையெனில் வில்வாத நோயைத் தடுக்கும் ஊசி போடப்படுகிறது. பால்வினை நோய்களுக்கு எதிரான மருந்துகள் தரப்படுகின்றன. கருவுறும் வாய்ப்புடையோர்க்கு அவசரக் கருத்தடை மாத்திரை வழங்கப்படுகிறது. 72 மணி நேரத்துக்குள் உட்கொண்டால் அது நல்ல பயன் தரும். ஐந்து நாள் வரையிலும் தரலாம். எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் காக்கும் மருந்தைத் தொடங்குவதற்கும் 72 மணி நேரமே எல்லை. எனவே, 'குளிர விட்டுப் பார்ப்போம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் செல்வோம்' என்று நாட்களைக் கழிப்பது பேரிழப்பாக முடியும். ஒருவர் இக்கொடுமையை வெளியில் சொன்னவுடனே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முதற்கடன்.

நாட்காட்டி உணர்த்துவது

இனி, முதல் நாளுக்குப் பின்னர் வருவனவற்றைக் காண்போம்.

அடிபட்ட இடத்தில் கன்றிய தடம் உடனே தோன்றுவதில்லை. ஓரிரு நாட்கள் சென்ற பின்னரே அது தெளிவாகப் புலப்படும். இதனாலேயே பாதிக்கப்பட்டவரை இரண்டு நாட்கள் கழித்து மீண்டும் பார்த்தல் நன்று என்றும், பின்னர் மூன்றாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் பார்த்தல் வேண்டும் என்றும் 2014ஆம் ஆண்டு நெறிகள் அறிவுறுத்துகின்றன. முதல் நாளில் 'வெளிக்காயம் இல்லை' என்று எழுதப்பட்டதோடு ஏடு மூடப்படுமானால், உடலின் சான்றும் அதனோடு மூடப்பட்டுவிடும்.

குருதிப் பரிசோதனையின் இயல்பும் இத்தகையதே. சிபிலிஸ் எனப்படும் மேகநோயின் கிருமி உடலிற் புகுந்த பின், நோய்க்குறி தோன்ற 10 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். எச்.ஐ.வி. தொற்றும் முதல் நாட் சோதனையில் புலப்படாது. முதல் நாள் எடுக்கும் குருதி, அக்கொடுமைக்கு முன்னர் அவர் உடல் எந்நிலையில் இருந்தது என்பதை மட்டுமே காட்டும். கொடுமையின் விளைவாக நோய் தொற்றியதா என்பதைப் பின்னர் எடுக்கும் சோதனைகளே காட்டும். எச்.ஐ.வி. சோதனை ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும், தேவையெனில் ஆறு மாதத்திலும் மீண்டும் செய்யப்படுகிறது. முதற்சோதனையில் 'நோயில்லை' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியோடு சென்றவர் பின்னர் வராமற்போனால், அந்நிம்மதிக்கு அடிப்படையே இல்லை.

ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி மூன்று தவணைகளைக் கொண்டது. முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவதும், ஆறு மாதத்தில் மூன்றாவதும் போடப்பட வேண்டும். முன்பே இத்தடுப்பூசியை முழுமையாகப் பெறாதவர் முதல் ஊசியோடு நின்றுவிட்டால், அவருக்கு முழுக் காப்பு கிட்டுவதில்லை.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 28 நாட்கள் இடைவிடாது உட்கொள்ளுதல் வேண்டும். அம்மருந்தால் சிலருக்குக் குமட்டல், தலைவலி, சோர்வு முதலியன உண்டாகும். ஒவ்வொரு நாளும் அம்மாத்திரையைக் கையிலெடுக்குந்தோறும் நடந்த கொடுமை நினைவுக்கு வரும். பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, பாலியல் வன்கொடுமைக்குப் பின் இம்மருந்தைத் தொடங்கியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே முறையாக உட்கொண்டனர் எனக் காட்டியது. மருந்து இருந்தும், மருத்துவர் இருந்தும், பாதிப்பேருக்கு மேல் இடைவழியில் நின்றுவிட்டனர் என்பதே இதன் பொருள்.

அவசரக் கருத்தடை மாத்திரையும் எப்போதும் பலிப்பதன்று. ஆகவே மூன்று வாரம் கழித்துக் கருப்பரிசோதனை செய்தல் வேண்டும். கரு உண்டாகியிருப்பின், அதனை விரைவில் அறிவதே நலம். 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், வன்கொடுமைக்கு ஆளானோர் 24 வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ள இசைவு தருகிறது. அவ்வெல்லையைக் கடந்து நீதிமன்றப் படியேறும் சிறுமியர் செய்தியை நாம் நாளிதழ்களில் படிக்கிறோம். தொடர் கவனிப்பு இருந்திருப்பின் அவர்களுட் பலருடைய நிலை முன்னரே தெரிந்திருக்கும்.

கண்ணுக்குத் தோன்றாத புண்

உடற்புண் ஆறும்; மனப்புண் அவ்வாறன்று என்பது நம் மக்கள் நன்கறிந்த உண்மை. ஆயினும் மனப்புண்ணுக்கும் ஒரு போக்கு உண்டு என்பதை மருத்துவ உலகம் சென்ற ஐம்பது ஆண்டுகளிலேயே ஆராய்ந்து கண்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களை நேரிற் கண்டு பேசிய ஆன் பர்கஸ் என்னும் செவிலியத்துறை அறிஞரும், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியல் அறிஞரும் 1974இல் தம் ஆய்வை வெளியிட்டனர். முதற்சில நாட்களின் கொந்தளிப்பு ஒரு கட்டமாகவும், வாழ்வை மீண்டும் ஒழுங்குபடுத்திக்கொள்ள முயலும் நெடுங்காலம் மற்றொரு கட்டமாகவும் அமைகின்றன என அவர்கள் விளக்கினர். பலர் முதல் நாளில் அழுவதும் இல்லை. அமைதியாக, உணர்வற்றவர்போல் அமர்ந்திருப்பர். அதனைக் கண்டு 'இவருக்கு ஒன்றும் நேரவில்லை' என முடிவு கட்டுதல் அறியாமையாகும்.

1992இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வின் முடிவு நாம் மனங்கொள்ளத்தக்கது. கொடுமை நடந்து ஏறத்தாழ இரண்டு வாரமான நிலையில், ஆய்வுக்கு வந்த பெண்களுள் 94 விழுக்காட்டினரிடம் கடும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதம் கழிந்தபோது அவ்வளவு 47 விழுக்காடாகக் குறைந்தது. இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஏறத்தாழ பாதிப்பேர் காலப்போக்கில் தேறிவருகின்றனர். மற்றப் பாதிப்பேருக்கு மருத்துவ உதவி தேவைப்படுகிறது. இவ்விரு பிரிவினருள் ஒருவர் எதைச் சார்ந்தவர் என்பதை முதல் நாளில் எவராலும் கூற இயலாது. மூன்றாம் மாதத்தில் அவரைப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கோ அவர் வந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட நெறிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. முதற்சில நாட்களில் நடந்ததையெல்லாம் விரிவாகச் சொல்லுமாறு வற்புறுத்துதல் கூடாது. அச்சத்தையும் உறக்கமின்மையையும் போக்கவென்று மயக்க மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புதலும் தகாது. கனிவோடு கேட்டு, வேண்டிய உதவியைச் செய்து, ஒன்று முதல் மூன்று மாதம் வரை அவர் நிலையைக் கவனித்து வர வேண்டும். துன்பம் நீடிப்பின் உரிய உளவியல் சிகிச்சை அளிக்க வேண்டும்.

ஏன் மீண்டும் வருவதில்லை?

இவ்வளவு தேவையிருந்தும் பாதிக்கப்பட்டோர் மீண்டும் வராததற்குக் காரணம் அவர்தம் அசட்டையன்று. அவர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போமாக.

முதல் நாள் காவல்துறை வாகனத்தில் வந்தவர், அடுத்த முறை பேருந்தில் தாமே வர வேண்டும். ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். புறநோயாளிப் பிரிவின் வரிசையில் நின்று, 'என்ன நோய்?' என்று பலர் செவியில் விழக் கேட்பவருக்கு விடை சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவர் ஓரிடத்திலும், மனநல மருத்துவர் வேறொரு கட்டடத்திலும் இருப்பர். எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம் செல்ல வேண்டும். அப்பெயர்ப் பலகையின் கீழ் நிற்பதைத் தெரிந்தவர் யாரேனும் கண்டுவிடுவரோ என்னும் அச்சம் தோன்றும். முதல் நாள் பார்த்த மருத்துவர் பணி மாறிச் சென்றிருப்பார். புதியவரிடம் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இத்தனைக்கும் மேலாக, குற்றம் செய்தவர் உறவினராகவோ அண்டை வீட்டினராகவோ இருப்பின், மருத்துவமனைக்குச் செல்வதே பெரும்போராட்டமாகிவிடும்.

இங்கே மொழியின் பங்கினையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெடுங்காலம் இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தோம். குற்றம் செய்தவன் ஒருவன். அச்சொல்லோ அழிவைப் பாதிக்கப்பட்டவள்மேல் ஏற்றுகிறது. தன்னிடமிருந்து மீட்கவியலாத ஒன்று அழிந்துவிட்டது என்று நம்பும் பெண், மருத்துவத்தால் என்ன பயன் என்று வீட்டுக்குள் ஒடுங்குவதில் வியப்பில்லை. 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல் இன்று இதழ்களிலும் அரசு ஆவணங்களிலும் பெரிதும் வழங்குகிறது. அது நிகழ்ந்ததைக் கொடுமை என்று கூறுகிறது. கொடுமைக்கு ஆளானவர் உதவிக்கு உரியவர் என்பதையும் உடன் உணர்த்துகிறது. தமிழ் பயில்வோர் இம்மாற்றத்தைப் பேச்சிலும் நிலைபெறச் செய்தல் வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலை அடுத்து நீதியரசர் வர்மா தலைமையில் அமைந்த குழு, 2013 ஜனவரியில் தன் அறிக்கையை அளித்தது. அவ்வாண்டே குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், பாதிக்கப்பட்டவருக்கு உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தல் சட்டக் கடமையாயிற்று. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு இதனையே கூறுகிறது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தருதல் வேண்டும். எனினும் புகார் பதிவானால்தான் சிகிச்சை என்று சொல்லுதல் கூடாது. குழந்தைகளைப் பொறுத்தவரை 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளும், காவல்துறைக் கடிதத்தையோ நீதிமன்ற ஆணையையோ கேட்டுச் சிகிச்சையைத் தாமதித்தலைத் தடுக்கின்றன.

சட்டத்தில் 'உடனடியாக' என்னும் சொல் தெளிவாக உள்ளது. பின்வரும் மாதங்களைப் பற்றி அத்துணைத் தெளிவு இல்லை. இக்குறையை நிறைவு செய்யும் வகையில் தில்லி உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. சிகிச்சை என்பது முதலுதவியோடு, தொடர்ந்த புறநோயாளிக் கவனிப்பு, ஆய்வகச் சோதனைகள், உளவியல் ஆலோசனை, குடும்பத்தினருக்கான ஆலோசனை ஆகியவற்றையும் உள்ளடக்கியது என அந்நீதிமன்றம் விளக்கியது. அவ்வாணை தில்லி எல்லைக்குரியதே. ஆயினும், சட்டத்தின் உட்பொருளை ஏனைய மாநிலங்களும் அவ்வாறே கொள்வதற்கு அது நல்ல வழிகாட்டி எனலாம்.

செய்யத்தக்கவை

தொடர் கவனிப்பைச் செம்மைப்படுத்தப் பெரும்பொருள் தேவையில்லை. இருக்கும் அமைப்புகளை இணைத்தாலே போதும்.

முதலாவதாக, 28 நாள் மருந்தையும் முதல் நாளிலேயே முழுமையாகக் கொடுத்துவிடுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014 முதல் இதனைப் பரிந்துரைத்து வருகிறது. சில நாள் மருந்தைக் கொடுத்து மீதிக்கு வரச் சொல்லும் முறை, மருந்து நின்றுபோவதற்கே வழி செய்யும். குமட்டலுக்கான மாத்திரையையும் உடன் கொடுத்து, இத்துன்பம் இயல்பானது, மருந்தை நிறுத்த வேண்டாம் என எடுத்துரைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொருவருக்கும் ஒரு செவிலியரோ ஆலோசகரோ பொறுப்பாளராக நியமிக்கப்படல் வேண்டும். அடுத்த முறை வரும்போது அப்பொறுப்பாளர் வாயிலிலேயே எதிர்கொண்டு, வரிசையில் நிறுத்தாமல், வேண்டிய மருத்துவர் யாவரையும் ஒரே நாளில் காணச் செய்தல் வேண்டும். நடந்ததை மீண்டும் சொல்லும் துன்பம் இதனால் நீங்கும்.

மூன்றாவதாக, தொடர்புகொள்ளும் முறையை முதல் நாளிலேயே பாதிக்கப்பட்டவரிடம் கேட்டறிதல் வேண்டும். எந்தத் தொலைபேசி எண், எந்த நேரம், வேறொருவர் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பனவற்றை அவரே முடிவு செய்யட்டும். காசநோய்க்குச் செய்வதுபோல் பணியாளரை வீட்டுக்கு அனுப்புவது இங்கே பொருந்தாது; வாயிலில் பணியாளர் நின்றாலே தெருவெல்லாம் அறிந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதல் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருத்தல் வேண்டும்.

நான்காவதாக, மருத்துவமனையும் பிற அமைப்புகளும் கைகோத்தல் வேண்டும். 2015 முதல் 'சகி' என்னும் பெயரில் அமைக்கப்பட்டுவரும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்கு வழி செய்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வாயிலாக இழப்பீடு பெறலாம். மருத்துவமனைப் பயணத்துக்கே பணமில்லாத குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடு பெருந்துணையாகும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று தள்ளுவதற்கில்லை. மும்பை பாந்த்ராவிலுள்ள பாபா நகராட்சி மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டில் 'திலாசா' என்னும் மையம் தொடங்கப்பட்டது. திலாசா என்பதற்கு ஆறுதல் என்று பொருள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே ஆலோசனை கிடைக்க அது வழி செய்தது. 'செஹாத்' என்னும் ஆய்வு நிறுவனம் மும்பை மாநகராட்சியோடு இணைந்து செய்த பணி அது. 2008 முதல் அந்நகரின் மூன்று நகராட்சி மருத்துவமனைகளில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்குச் சிகிச்சை, சான்று திரட்டல், மனத்துணை ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் முறையும் உருவாக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்த சாதாரண நகராட்சி மருத்துவமனைகளிலேயே இவை இயன்றன என்பது கருதத்தக்கது.

நம் கடமை

மாணவர்கள் சில எண்களை மனத்திற் பதித்துக்கொள்ளலாம். பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. தோழியோ தோழனோ தம்மிடம் மனம் திறந்தால், 'ஏன் அங்கே போனாய், ஏன் அப்போதே சொல்லவில்லை' என்னும் கேள்விகளைத் தவிர்த்து, 'மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன்' என்று சொல்லுதல் நலம். அச்சொல்லை முதல் நாளில் மட்டுமன்றி, மூன்றாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் சொல்லுதல் வேண்டும்.

ஆசிரியர்கள், மருத்துவமனைக்குச் செல்ல விடுப்புக் கேட்கும் மாணவியிடம் காரணத்தைத் துருவிக் கேட்காதிருக்கலாம். வகுப்பில் திடீரெனக் கவனம் குன்றியவரைக் கடிந்துகொள்ளும் முன் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு இவற்றினும் பெரிது. குடும்ப மானம் கருதி, நடந்ததை மூடி மறைத்து, விரைந்து ஒரு திருமணத்தை முடித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என எண்ணுவோர் இன்னும் உள்ளனர். மூடிய புண் உள்ளே சீழ் பிடிக்கும். செய்யாத சோதனையும் போடாத தடுப்பூசியும் கேட்கப்படாத துயரமும் அப்பெண்ணோடு புது வீட்டுக்கும் செல்லும். குழந்தைக்குக் கொடுமை நேர்ந்தது தெரிந்தும் காவல்துறைக்கோ உரிய அலுவலர்க்கோ அறிவியாமல் இருத்தல் போக்சோ சட்டப்படி குற்றமுமாகும். பெரியவர் ஒருவர், 'இதில் உன் தவறு ஏதுமில்லை, சிகிச்சையை முடித்துக்கொள், செலவையும் துணையையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கூறுவாராயின், அச்சொல்லே பாதி மருந்தாகும்.

கொடுமை செய்தவனுக்குத் தண்டனை வாங்கித் தருவது நீதிமன்றத்தின் பணி. அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். கொடுமைக்கு ஆளானவரின் உடலும் மனமும் அதுவரை காத்திருக்க இயலாது. இரண்டாம் நாளும், மூன்றாம் வாரமும், ஆறாம் மாதமும் அவர் வாழ்வில் வந்துகொண்டே இருக்கும். அந்நாட்களில் அவரை எதிர்பார்த்து மருத்துவமனையில் ஒருவர் இருக்கவும், அங்கு அவரோடு செல்ல வீட்டிலும் ஊரிலும் ஒருவர் இருக்கவும் நாம் வழி செய்வோமாக.